எங்களுக்குக் கொழுப்பு அதிகம்தான்

1

போன வருடம் முதல் பனி விழுந்த வாரத்தில் டொக்டரின் உதவியாளப் பெண் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "உங்களுடைய வேர்ட்டே நன்றாக இல்லை. டொக்டர் உங்களை நேரில் பார்க்க வேண்டுமாம்" என்றாள்.

கையில் உரித்துக்கொண்டிருந்த உருளைக்கிழங்கைக் கீழே வைத்தேன். சுவிட்சர்லாந்தில், பெர்ன் நகரத்துக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் எனக்கு வேலை. இருபது வருடத்துக்கு மேலாக இந்த நாட்டில் இருந்தும் டொச், அதாவது ஜெர்மன் மொழி, எனக்குச் சமையலறை அளவுக்குத்தான் வரும். வேர்ட்டே என்ற சொல்லை நான் கற்றது குடியுரிமை வகுப்பில். 'இந்த நாட்டின் வேர்ட்டேயை மதிக்கிறீர்களா' என்று கேட்பார்கள், ஆம் என்று சொல்ல வேண்டும். விழுமியங்கள், ஒழுக்கங்கள் என்று பொருள். எங்களுடைய குடியுரிமை விண்ணப்பம் ஊர்ச் சபையில் கிடந்த காலம் அது. குப்பைப் பையைத் தவறான நாளில் வெளியே வைத்ததற்காகக் கீழ்வீட்டுக்காரர் ஒருமுறை முறைப்பாடு செய்திருந்தார். அது டொக்டர் வரைக்கும் போய்விட்டது என்றே நினைத்தேன். என் ஒழுக்கம் சரியில்லை என்று ஒரு வைத்தியர் எப்படிச் சொல்லலாம்? அன்று மாலை அவருடைய அறைக்குள் நுழைந்தபோது சண்டைக்குத் தயாராகத்தான் போனேன்.

அவர் இரத்தப் பரிசோதனைத் தாளை என் பக்கம் திருப்பி, கொலஸ்ட்ரோல் என்று இருந்த இடத்தில் பேனாவை வைத்தார். வேர்ட்டே என்றால் அளவு என்றும் பொருள் இருப்பது அப்போதுதான் விளங்கியது. நான் சிரித்துவிட்டேன். கெட்ட சேதி கேட்டுச் சிரிக்கிற ஆளை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

"சிரிக்கிற அளவு இல்லை இது" என்றார். "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா?"

என் சிரிப்பு நின்றது.

2

என் அப்பா பெரியசாமி, லிந்துலைக்கு மேலே இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். தேயிலைச் செடியை இடுப்பளவுக்குக் கத்தியால் அடித்து இறக்குகிற வேலை அது. ஒரு மாசி மாதத்து முற்பகலில் மலையில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தோட்டத்து மருந்துக்காரர் வாயு என்று சொல்லி ஏதோ கலக்கிக் கொடுத்தார். லொறியில் ஏற்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவருக்கு வயது நாற்பத்தைந்து. நான் அப்போது கொட்டகலையில் பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

அப்பா மெலிந்த மனிதர். கண்டாக்கு, அதாவது மலையில் வேலையை மேற்பார்வை செய்கிற உத்தியோகத்தர், ஆள் இல்லாத நேரத்தில் பேரை வெட்டி அன்றைய சம்பளத்தை இல்லாமல் செய்தால் நேராகப் போய்க் கேட்பார். அதனால் "பெரியசாமிக்குக் கொழுப்பு" என்று தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. அவர் உடம்பில் இருந்த கொழுப்பை யாரும் அளந்து பார்த்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் என் அண்ணன் செல்வராஜுக்கும் நெஞ்சில் அதே இடத்தில் வலி வந்தது. அவர் லிந்துலையில் ஓட்டோ ஓட்டுகிறார். பயணிகளை இறக்கிவிட்டு, ஸ்டியரிங் மேல் தலையை வைத்துக் கிடந்தவரை யாரோ பார்த்துக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். கண்டியில் இரத்தக் குழாய்க்குள் கம்பி வைத்துக் காப்பாற்றினார்கள்.

இதையெல்லாம் எனக்குத் தெரிந்த டொச்சில் சொன்னேன். டொக்டர் அதையெல்லாம் எழுதிக்கொண்டார். பிறகு, "மாத்திரை தொடங்கலாம். அல்லது மூன்று மாதம் சாப்பாட்டை மாற்றிப் பார்த்துவிட்டு மறுபடி அளக்கலாம். அதற்கு மேல் நான் காத்திருக்க மாட்டேன்" என்றார்.

"சாப்பாடு" என்றேன். மாத்திரைக்குப் பயந்து அல்ல. அப்பாவிடம் அப்படி ஒரு கேள்வியை யாருமே கேட்கவில்லை. என்னிடம் கேட்டார்கள். அதற்கு நான் கையால் ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

3

சத்துணவு ஆலோசகரிடம் போகக் காப்புறுதி நிறுவனம் அனுமதி தர ஒரு மாதம் இழுத்தது. அப்பா பெயர் எனக்குக் குடும்பப் பெயராகிவிட்டதால், பெரியசாமி என்ற ஆண் நோயாளி எங்கே என்று கேட்டு எழுதியிருந்தார்கள்.

ஆலோசகர் இளம்பெண். குறைக்க வேண்டியவை என்று ஒரு படத்தாள் தந்தாள். வெண்ணெய், சீஸ், பன்றி இறைச்சிச் சொசேஜ், கிரீம். "இதில் ஒன்றும் என் வீட்டில் இல்லை" என்றேன். வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள். ரொட்டி என்றேன். பாண், அதாவது பிரெட், என்று நினைத்து எழுதிக்கொண்டாள். அடுத்த முறை ஒரு ரொட்டியைச் சுட்டுப் பையில் வைத்துக் கொண்டுபோனேன். அவள் பிய்த்து மணந்து பார்த்தாள்.

"இதில் தேங்காய் எவ்வளவு?"

"இரண்டு பேருக்கு அரைத் தேங்காய்."

"ஒவ்வொரு நாளுமா?"

"ஒவ்வொரு நாளும். தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சம்பல்."

அவள் பேனாவை வைத்துவிட்டாள். பிறகு பகல் சாப்பாட்டைக் கேட்டாள். அங்கேதான் நான் மாட்டினேன். வேலை இடத்தில் மிஞ்சுவதைத்தான் இத்தனை வருடமும் தின்று வந்திருக்கிறேன். வெண்ணெயில் புரட்டிய நூடில்ஸ், கிரீம் ஊற்றிய கிழங்கு. என் வீட்டில் இல்லையே தவிர என் வயிற்றில் அந்தப் படத்தாள் முழுவதும் இருந்தது.

அடுத்த நாளிலிருந்து பகலுக்கு டப்பா கட்டினேன். சிவப்பரிசிச் சோறு கொஞ்சம், பயறு நிறைய, ஒரு கீரை. எங்கள் தலைமைச் சமையல்காரர் அதை எட்டிப் பார்த்து, "என் சாப்பாட்டில் என்ன குறை?" என்று முகம் சுளித்தார். "குறை என் இரத்தத்தில்" என்றேன். அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை.

வீட்டில் கறிக்குத் தேங்காய்ப் பாலை நிறுத்திவிட்டுப் பருப்பைக் குழைய வேகவைத்துக் கரைத்து விட்டேன். ரொட்டிக்குத் தேங்காய்க்குப் பதிலாகக் கரட் துருவலும் குரக்கன், அதாவது கேழ்வரகு, மாவும். முதல் ரொட்டி செங்கல் மாதிரி வந்தது. என் கணவர் ரவி அட்டன்காரர், இந்த ஊரில் பஸ் ஓட்டுகிறார். மென்று விழுங்கினார். பிறகு பார்த்தால் வேலைக்குக் கொண்டுபோகிற பையில் சம்பல் போத்தல் இருந்தது. "எனக்கு வேர்ட்டே நல்லாத்தான் இருக்கு" என்றார்.

மகள் மீராவுக்கு இருபது வயது. சூரிச்சில் படிக்கிறாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் யாழ்ப்பாணத்து ஆசிரியைகளிடம் படித்ததால் அவளுடைய தமிழ் எங்கள் தமிழ் அல்ல. நாங்கள் 'வர்றேன்' என்றால் அவள் 'வாறன்' என்பாள். அந்தத் தமிழும் ஞாயிறு தொலைபேசிக்கு மட்டும்தான். அவளிடம் சொன்னபோது, "அம்மா, குளிசையப் போட்டிட்டு இருங்கோவன். ஏன் இவ்வளவு கஷ்டப்படுறீங்கள்?" என்றாள். மாத்திரையைத்தான் அவள் குளிசை என்பாள்.

"உனக்கும் ஒரு தடவை இரத்தம் பாக்கணும்னு டொக்டர் சொன்னாரு."

"பிறகு பாப்பம்" என்று வைத்துவிட்டாள்.

மார்கழியில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போயிருந்தோம். மண்டபம் முழுக்க ரோல்ஸ், பெட்டிஸ், பொரித்த கோழி. வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. வீட்டுக்கார அம்மா யாழ்ப்பாணத்துக்காரர், நல்லவர். தட்டோடு வந்து நின்றார்.

"ஒரு ரோல்ஸ் ஒண்டும் செய்யாது, சாப்பிடுங்கோ. நீங்கள் தோட்டப் பக்கம்தானே. ரொட்டி திண்டு மலையேறின ஆக்களுக்கு என்ன கொலஸ்ட்ரோல்? அது எங்களை மாதிரி ஆக்களின்ர வருத்தம்."

நோயைத்தான் அவர் வருத்தம் என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முன்பெல்லாம் இந்த மாதிரிப் பேச்சுக்கு நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்துவிடுவேன். அன்று முடியவில்லை.

"தோட்டப் பக்கத்துல இந்த வருத்தம் இல்லாம இல்லைங்க அக்கா" என்றேன். "அளந்து பாக்க ஆளில்லாமத்தான் இருந்துச்சு. எங்கப்பா நாப்பத்தஞ்சு வயசுல மலையிலேயே விழுந்து செத்தாரு. வாயுன்னு சொல்லிப் பொதச்சாங்க."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். காருக்குள் ஏறியதும் ரவி, "விழாவுல போயி இதெல்லாம் பேசணுமா?" என்றார். பேசணும் என்றேன்.

4

மாசியில் அப்பாவின் முப்பதாவது நினைவு நாள் வர இருந்தது. ரவிக்கு விடுமுறை கிடைக்கவில்லை. தனியாகப் புறப்பட்டேன்.

தலவாக்கலை ஸ்டேஷனில் அண்ணன் ஓட்டோவோடு நின்றார். ஆள் கறுத்து இளைத்திருந்தார். லிந்துலைக்கு ஏறுகிற வளைவுகளில் எல்லாம் ஒரே பேச்சு. கம்பி வைத்த பிறகு முன்னைவிட நல்ல தெம்பாக இருக்கிறாராம். தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில் மதினி கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். பால்மாவும் சீனியும் கலந்த தேத்தண்ணி, மாஜரின் பூசிய பாண், பொரித்த முறுக்கு.

"மதினி, எனக்குச் சீனி இல்லாம ஒரு பிளேன்டி போதும்."

மதினி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் முறுக்கை எடுத்துக் கடித்தபடி, "சீமைக்குப் போயி தங்கச்சிக்குக் கொழுப்பு கூடிப்போச்சு" என்றார்.

"ஆமாண்ணே. அதுக்கு ரிப்போட்டே இருக்கு."

அண்ணன் மகள் திவ்யா அறைக்குள்ளிருந்து சிரித்தாள். கொட்டகலையில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. ஈர்க்குச்சி மாதிரி உடம்பு. சின்ன வயதிலிருந்தே கறி மணம் ஆகாது. மீன்கூடத் தொடமாட்டாள்.

அன்று சாப்பிடும்போது அண்ணனின் மாத்திரைகளைப் பற்றிக் கேட்டேன். "தீவாளியோட நிப்பாட்டிட்டேன்" என்றார். "அடைப்ப எடுத்தாச்சு, கம்பி வச்சாச்சு. ரோட்டப் போட்ட பொறகு எதுக்கு ரோட்டுக்காரன்?"

மதினி தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு இது தெரிந்திருக்கிறது. சொல்லிப் பார்த்துக் களைத்துப் போயிருக்கிறார்.

5

சண்டை மறுநாள் வந்தது.

அப்பாவின் நினைவு நாளில் வாழை இலை போட்டுப் படைப்போம். அதில் ஆட்டுக்கறி இருக்க வேண்டும். வெறும் கறி அல்ல, வெள்ளையாகக் கொழுப்பு மிதக்கிற கறி. அப்பாவுக்கு அதுதான் உயிர் என்று ஒவ்வொரு வருடமும் சொல்லிக்கொள்வோம். இந்த வருடம் முப்பது என்பதால் ஆடு ஒன்றே சொல்லி வைத்திருப்பதாக அண்ணன் சொன்னார்.

"வேணாம்ணே" என்றேன். "அப்பாவக் கொன்னத அப்பா எலையிலயே வைக்க என்னால முடியாது."

மதினி கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"என்னா சொல்ற?" என்றார் அண்ணன்.

"கொழுப்புதான் அவர அடைச்சுச்சு. உங்களயும் அடைச்சுச்சு. நான் அங்க ஒரு துண்டு ரோல்ஸ் தொடாம இருக்கேன். இங்க வந்து கொழுப்பு வச்சுக் கும்புட முடியாது. பயறு வைக்கலாம், கீரை வைக்கலாம்."

அண்ணன் உடனே கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கதவுப் பக்கம் போய் நின்று, எனக்கு முதுகைக் காட்டிப் பேசினார்.

"அப்பா வருசத்துக்கு எத்தன தடவ கறி தின்னாரு கமலா? தீவாளிக்கு ஒண்ணு. மாரியம்மன் திருவிழாவுக்கு ஒண்ணு. அவ்வளவுதான். மத்த நாளெல்லாம் ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியும். வருசத்துக்கு ரெண்டு நாளு வாய்க்கு ருசியாத் தின்ன மனுசன கறியா கொன்னுச்சு? நீ அங்க இருந்துக்கிட்டு ஒரு காகிதத்தப் படிச்சிட்டு வந்து, அந்த ரெண்டு நாளையும் அவருகிட்ட இருந்து புடுங்கப் பாக்குறியா?"

அவர் சொன்னது உண்மை. அப்பாவின் தட்டில் கறி இருந்த நாட்களை என்னாலும் எண்ணிவிட முடியும். அப்படியானால் எது? தினமும் தின்ற தேங்காயா? அதே தேங்காயைத் தின்ற பக்கத்து லயத்துக்காரர்கள் எண்பது வயது வரைக்கும் இருந்தார்களே.

"அப்ப உங்களுக்கு எப்படி வந்துச்சு?" என்றேன்.

"நான் டவுன்ல கொத்து ரொட்டி திங்கிறேன். எனக்கு வந்துச்சு. அவருக்கு வந்தது விதி."

"விதின்னு சொல்லாதீங்க."

"பின்ன என்னான்னு சொல்ல?"

திவ்யா பாடக் கொப்பிகளை மூடிவைத்துவிட்டு எழுந்து வந்தாள். "அப்பா, அத்தை, ரெண்டு பேரும் சும்மா கத்தாதீங்க. கறியும் கொத்தும்தான் காரணம்னா எனக்கு ஒண்ணும் இருக்கக் கூடாதுல்ல? நான் பொறந்ததுல இருந்து கறி தொட்டதில்ல. நாளைக்கே தலவாக்கலையில போயி இரத்தம் குடுக்கிறேன். பாத்துருவோம்."

அண்ணன் சிரித்தார். "பாரு, போயிப் பாரு. காத்தடிச்சா பறக்கிற புள்ளைக்குக் கொழுப்பாம்."

6

மறுநாள் அதிகாலையில் வெறும் வயிற்றோடு திவ்யாவும் நானும் தலவாக்கலைக்கு இறங்கினோம். பஸ்ஸில் அவள் தன் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. அவளுக்கு ஒன்றும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். ஒன்றும் இல்லை என்று வந்தால் அண்ணன் கேலி செய்தது சரி என்று ஆகும், பரவாயில்லை என்றும் நினைத்துக்கொண்டேன்.

மாலையில் முடிவு வாங்க அண்ணனும் வந்தார், ஓட்டோவில். தாளைத் திவ்யாதான் பிரித்தாள். பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். சுவிட்சர்லாந்தில் எனக்கு முதலில் வந்த அளவைவிட அதிகம்.

"தப்பா அளந்திருப்பானுங்க" என்றார் அண்ணன். தாளை வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

அடுத்த கிளினிக் நாளில் மூவரும் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போனோம். காலையில் போட்ட நம்பருக்கு நடுப்பகல் கடந்துதான் கூப்பிட்டார்கள். இளம் பெண் டொக்டர், சிங்களவர். சிங்களத்திலேயே பேசினோம். அண்ணன் என்னைவிட நன்றாகப் பேசுவார், ஓட்டோ ஓட்டிப் பழகியது. அப்பா செத்த வயது, அண்ணனுக்கு வந்த வலி, என் அளவு, திவ்யாவின் அளவு எல்லாவற்றையும் டொக்டர் கேட்டு ஒரு காகிதத்தில் கோடு போட்டு வரைந்தார். வரைந்து முடித்ததும் மேலே இருந்த அப்பாவைப் பேனாவால் தொட்டு, அங்கிருந்து கீழே அண்ணனுக்கும் எனக்கும், அண்ணனிடமிருந்து திவ்யாவுக்கும் கோட்டை இழுத்தார்.

"இது உங்கள் குடும்பத்தில் பிறப்போடு வருகிறது. மெலிந்தவர், பருத்தவர் என்று பார்க்காது. ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு."

அண்ணன் மெதுவாகக் கேட்டார், "அப்போ சாப்பாட்டைக் குறைத்து என்ன லாபம், டொக்டர் மிஸ்?"

"பிறப்போடு வந்ததை மாற்ற முடியாது. அதற்கு மேல் தினமும் ஊற்றுவதை நிறுத்தலாம். மருந்தும் வேண்டும், சாப்பாடும் வேண்டும். இரண்டில் ஒன்று என்று பேரம் பேச இது சந்தை இல்லை." பிறகு அண்ணனின் கிளினிக் கொப்பியைப் புரட்டி, தீபாவளிக்குப் பிறகு அவர் வரவே இல்லை என்பதைக் கண்டார். நிமிர்ந்து அவரைப் பார்த்துச் சொன்னார்: "பெஹெத் நவத்தன்ன எப்பா." மருந்தை நிறுத்தாதீர்கள் என்பதை அவ்வளவு கோபமாகவும் அவ்வளவு அக்கறையாகவும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

திரும்பி வரும்போது அண்ணன் வழியில் மரக்கறிக் கடைகள் வரிசையாக இருந்த இடத்தில் ஓட்டோவை நிறுத்தினார். இறங்கிப் போய்ப் போஞ்சி, லீக்ஸ், முள்ளங்கிக் கீரை எல்லாம் வாங்கி, திவ்யாவின் மடியில் கொண்டுவந்து வைத்தார். ஏறி உட்கார்ந்தவர் உடனே புறப்படவில்லை.

"நான்தான் குடுத்தேனா இந்தப் புள்ளைக்கு?" என்றார்.

திவ்யா பின்னாலிருந்து அவர் தோளில் கை வைத்தாள். "மூக்கயும் நீங்கதான் குடுத்தீங்க. அதுக்கு என்னா பண்ண? ஓட்டுங்கப்பா."

7

படையலுக்கு ஆட்டுக்கறி சமைக்கக் கூடாது என்று நான் பிறகு சொல்லவில்லை. கறியோடு எனக்கு இருந்த சண்டை ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது. முழு ஆடு வேண்டாம் என்று அண்ணனே சொல்லிவிட்டார். கொஞ்சம் கறி வாங்கி, கொழுப்போடு தனிச் சட்டியில் அவர் கையாலேயே சமைத்தார். மதினியும் நானும் மறுபக்க அடுப்பில் பயறு, போஞ்சி, கீரை, தேங்காய் விடாத பருப்பு.

சொந்தக்காரர்கள் லயத்து வாசல் நிறைய வந்திருந்தார்கள். அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, முன்னால் உட்கார்ந்திருந்தார். இலை போட்டு, சோறு வைத்து, அதன் மேல் கறியை ஊற்றினார் அண்ணன். வெள்ளை வெள்ளையாக மிதந்தது. சாராயமும் சுருட்டும் பக்கத்தில். சூடம் காட்டிக் கும்பிட்டோம். நான் அழுதேன். அந்த மனிதர் ஆசைப்பட்ட ஒரே சாப்பாட்டை அவரிடமிருந்து பறிக்க வந்தேனே என்று நினைத்து அழவில்லை. நாற்பத்தைந்து வயதில் அவருக்கு ஒரு தாளில் கோடு போட்டுக் காட்ட ஆள் இல்லையே என்று அழுதேன்.

கும்பிட்டு முடிந்ததும் மூத்த மகன் படையல் இலையிலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டும். அண்ணன் இலையில் இருந்து கறி படாத ஓரத்துச் சோறு ஒரு பிடியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு நகர்ந்து உட்கார்ந்து, தன் தட்டில் பயறும் கீரையும் போடச் சொன்னார்.

சித்தப்பாவுக்கு முகம் மாறியது. "என்னா செல்வராசு? அப்பனுக்கு வச்ச கறிய ஒதுக்குறியா? முப்பதாவது வருசம். நாலு பேரு பாக்குறாங்க. தங்கச்சி வந்து ஓதிட்டுப் போகுதா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாய் திறக்குமுன் அண்ணன் பேசினார்.

"தங்கச்சிய விடுங்க சித்தப்பா. அப்பாவுக்கு வைக்கிறதுல நான் ஒரு கொறையும் வைக்கல. அவரு நாப்பத்தஞ்சுல போனாரு. நான் அந்த வயசத் தாண்டி வந்துட்டேன். இனி என் மகளுக்காக இருக்கணும். கொழுப்புக் கறி இந்த வீட்டுல செத்தவங்களுக்கு மட்டும்தான். உசுரோட இருக்கிறவங்களுக்குப் பயறு. உங்களுக்கு எது வேணும்னு சொல்லுங்க, போடுறேன்."

திவ்யா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

சித்தப்பா தட்டைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். "எனக்கு ரெண்டுலயும் கொஞ்சம் போடு" என்றார்.

அதற்குப் பிறகு எல்லோரும் சிரித்தார்கள். படையல் கறியை மற்றவர்கள் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள். நன்றாக இருந்தது என்றுதான் சொன்னார்கள்.

8

திரும்பி வந்ததும் இரத்தம் கொடுத்தேன். அளவு இறங்கியிருந்தது. டொக்டர் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே இறங்கியிருந்தது. ஆனாலும் இருக்க வேண்டிய இடத்துக்கு வரவில்லை. திவ்யாவின் முடிவையும் அந்தப் பெண் டொக்டர் வரைந்த கோட்டையும் சொன்னேன். "சாப்பாட்டால் இறக்கக் கூடியதை நீங்கள் இறக்கிவிட்டீர்கள். மீதி உங்கள் கையில் இல்லை" என்று மாத்திரை எழுதினார். வாங்கிக்கொண்டேன். தினமும் போடுகிறேன்.

அப்படியானால் எதற்கு இவ்வளவு பாடு, முதலிலேயே மாத்திரை போட்டிருக்கலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. தலைமைச் சமையல்காரர்கூடக் கேட்டார். மாத்திரை செய்வதை மாத்திரை செய்யட்டும். என் வாய்க்குள் போவதை நான்தான் தீர்மானிக்க வேண்டும். நாங்கள் பிறந்த லயங்களில் ரேஷனில் என்ன மாவு, எவ்வளவு மாவு என்பதைக்கூட வேறு யாரோதான் தீர்மானித்தார்கள். இன்று என் தட்டில் எது இருக்க வேண்டும் என்று சொல்கிற அதிகாரம் எனக்கு வந்திருக்கிறது. அதை ஒரு ரோல்ஸுக்காக விட்டுக்கொடுப்பதாக இல்லை. குரக்கன் ரொட்டியும் இப்போது செங்கல் மாதிரி வருவதில்லை. ரவியே இரண்டு கேட்கிறார்.

அண்ணன் மருந்து போடுகிறார், சாப்பாட்டிலும் கவனமாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தேங்காய் போட்ட ரொட்டி. அதை எனக்குத் தொலைபேசியில் காட்டிவிட்டுத்தான் சாப்பிடுவார், வம்புக்கு. திவ்யாவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். இரத்த விஷயத்தை மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டாம் என்று மதினி சொன்னாராம். "சொல்லித்தான் கட்டுவேன். கேட்டுட்டு ஓடுறவன் ஓடட்டும்" என்றிருக்கிறாள் அவள்.

கோடையில் ஒரு நாள் மீரா சொல்லாமல் வந்தாள். திவ்யா அவளுக்கு எழுதியிருக்கிறாள். என்ன எழுதினாள் என்று இருவரும் சொல்லவில்லை. சமையலறையில் நின்று பயற்றைக் கிண்டிக்கொண்டே, "நாளைக்கு உங்கட டொக்டரிட்ட நேரம் எடுத்திருக்கிறன். நீங்களும் வாறீங்களா?" என்று கேட்டாள். அடுத்த நாள் அவள் உள்ளே போய்ச் சட்டைக் கையை மடித்து உட்கார்ந்தபோது, நான் வெளியே நாற்காலியில் இருந்தேன். இந்த நாட்டுக்கு வந்த முதல் நாளில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

முடிவு இரண்டு நாளில் வந்தது. அவளுக்கு ஒன்றும் இல்லை. எல்லா அளவும் சரி.

மீரா தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு, டொக்டரின் உதவியாளப் பெண்ணை இரண்டு தடவை சொல்லவைத்துக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "அப்ப அது உங்களோட நிண்டிட்டுதா அம்மா?" என்றாள்.

"ஆமா, என்னோட நின்னுருச்சு" என்றேன். "என்கிட்ட நின்னத நான் பாத்துக்கிறேன். நீ சாப்புடு."